இருபத்தாறாவது தாள்: பழைய வீட்டைப் பில்டரிடம் கொடுத்துப் புதியது வாங்கியபோது

பில்டர் எங்களிடம் கேட்ட 31 தாள்களில் இருபத்தாறாவது, ரத்து செய்யப்பட்ட காசோலை ஒன்று. மாமா ஒரு காசோலையைக் கிழித்து, குறுக்கே இரண்டு கோடு போட்டு, உறையில் வைத்துவிட்டார். எனக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் பல் துலக்கும்போதுதான் உறைத்தது: பழைய வீட்டின் விலையைப் புதிய வீட்டின் விலையில் கழித்துக்கொள்ளப்போகும் நிறுவனத்துக்கு மாமாவின் வங்கிக் கணக்கு எண் எதற்கு?

நான் 22 ஆண்டுகள் ஒரு வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் ஆவணம் சரிபார்த்தவன். விற்பவரிடம் ரத்து செய்த காசோலையைக் கேட்பது யார் என்று எனக்குத் தெரியும். கடன் தொகையை விற்பவரின் கணக்கில் செலுத்தப்போகும் வங்கிதான் அதைக் கேட்கும். அப்படியானால் இந்த விவகாரத்தில் எங்கள் கண்ணில் படாத ஒருவர் இருக்கிறார்.

அவரைக் கண்டுபிடித்த கதை இது. அத்தை, மாமா இருவரின் ஒப்புதலோடு எழுதுகிறேன்.

வீடும் கடிதமும்

பழைய வீடு பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறது. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. 1999-இல் மாமா ஆறரை லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். அப்போது அந்தப் பகுதி மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தது. 2007-இல் சுற்றியிருந்த நகரசபைகளை இணைத்தபோதுதான் உள்ளே வந்தது. மாமாவுக்கு இப்போது 71 வயது, முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. கீழே இறங்கிக் கீரை வாங்கி வருவதே ஒரு யாத்திரை என்பார் அத்தை.

ஹென்னூர் சாலைப் பக்கம் கட்டி முடியும் நிலையில் இருந்த ஒரு குடியிருப்பில், பழைய வீட்டைக் கொடுத்தால் அதன் மதிப்பைக் கழித்துக்கொள்வதாக விளம்பரம் செய்திருந்தார்கள். புதிய வீடு 1 கோடியே 18 லட்சம். ஆள் வந்து பழைய வீட்டை அளந்து, படம் எடுத்து, 61 லட்சம் என்று மதிப்பிட்டார். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி கடிதம் வந்தது. அந்த மதிப்பு 90 நாள் செல்லும், ஆவணங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குத் திருப்தியாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி. அடுத்த வரியில், பழைய வீட்டை ‘நிறுவனம் அல்லது அது நியமிக்கும் நபர்’ வாங்கிக்கொள்வார் என்று இருந்தது. அந்த ‘அல்லது’வை நாங்கள் மூவரும் படித்தோம். ஒருவர் கண்ணிலும் நிற்கவில்லை.

முதல் பட்டியல்: ஒரு ழகரத்தின் பாடு

கடிதத்தோடு வந்த முதல் பட்டியலில் 14 தாள்கள். கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரம், 2004 ஏப்ரலுக்குப் பிந்தைய வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, ஆதார், பான், புகைப்படம். எல்லாம் எதிர்பார்த்தவைதான். தமிழ்நாட்டிலிருந்து பேசிய உறவினர் ஒருவர் பட்டா வேண்டாமா என்று கேட்டார். இங்கே அந்த இடத்தில் இருப்பது காத்தா. மாநகராட்சியின் வரிப் பதிவேட்டில் வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லும் தாள் அது. 2024 அக்டோபரிலிருந்து பெங்களூருவில் அதன் மின்னணு வடிவமான இ-காத்தா இல்லாமல் வீட்டைப் பதிவு செய்ய முடியாது என்றாகிவிட்டது. பட்டியலில் அது ஏழாவது.

அந்த ஏழாவதுதான் எங்களை 14 நாள் அலைய வைத்தது. மாமாவின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. கிரயப் பத்திரத்தைக் கன்னடம் தெரிந்த எழுத்தர் எழுதியபோது அது ளகரமாகிவிட்டது. கன்னடத்தில் இன்று ழகரம் புழக்கத்தில் இல்லை, அவர் மேல் தவறு சொல்ல முடியாது. ஆதாரில் ஆங்கில எழுத்தில் இசட், எச் போட்டிருந்தது. வரி ரசீதில் ஒற்றை எல். முன்னெழுத்து இன்னொரு கதை. பத்திரத்தில் முன்னால், ஆதாரில் பின்னால். பான் அட்டை எடுத்த காலத்தில் வெறும் முன்னெழுத்தைக் குடும்பப் பெயராக ஏற்கவில்லை என்பதால் அதில் தாத்தாவின் பெயர் முழுசாக நின்றது. ஆக ஒரே மனிதர் நான்கு தாளில் நான்கு பேராக இருந்தார். வட இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குக் குடும்பப் பெயர் ஒட்டிப் பிறக்கிறது. நமக்கு அப்பாவின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி, தாளுக்குத் தாள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

இ-காத்தாவில் ஆதார் பெயரும் பதிவேட்டுப் பெயரும் பொருந்த வேண்டும். நான்கு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று நோட்டரி முன்பு பிரமாணப் பத்திரம் எழுதி, உதவி வருவாய் அலுவலரின் அறைக்கு வெளியே இரண்டு முறை உட்கார்ந்து, டிசம்பர் 16-ஆம் தேதி எல்லாவற்றையும் ஒப்படைத்தோம். ஒப்புகை கேட்டபோது விற்பனைப் பிரிவில் இருந்த பெண், “மின்னஞ்சலே ஒப்புகைதான் சார்” என்றார். பரவாயில்லை என்று விட்டோம். பின்னால் அந்த மின்னஞ்சல்களின் தேதிகள்தான் எங்களைக் காப்பாற்றின.

இரண்டாம் பட்டியல்

அடுத்த 21 நாள் ஒரு சத்தமும் இல்லை. ஜனவரி 6 அன்று 9 தாள்கள் கேட்டார்கள். இது வழக்கறிஞர் கேட்ட பட்டியல் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. முதல் பட்டியல் விற்பனைக்காரர் எல்லாருக்கும் அனுப்பும் அச்சடித்த தாள். இரண்டாவதை, நாம் கொடுத்ததைப் படித்துவிட்டு ஒருவர் எழுதியிருக்கிறார்.

இரண்டு தாள் கனமானவை. ஒன்று, 2004-க்கு முந்தைய வில்லங்கச் சான்று. கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் 2004 ஏப்ரலிலிருந்துதான் பார்க்க முடியும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு, கையால் எழுதிய பேரேடுகளில் தேடி வாங்க வேண்டும். மற்றொன்று அடமான விடுவிப்பு. மாமா 1999-இல் வாங்கிய கடனை 2011-இல் அடைத்தார். அசல் பத்திரமும், பாக்கி இல்லை என்ற கடிதமும் கைக்கு வந்துவிட்டன. பதிவேட்டில் ஏறியிருந்த அடமானத்தை நீக்கும் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. இப்போது கடன் அடைத்த 30 நாளுக்குள் வங்கி அசல்களைத் திருப்பி, பதிவேட்டிலும் அடமானத்தை நீக்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. ஆனால் அது 2023 டிசம்பர் 1 முதலான கணக்குகளுக்குத்தான். கடன் கொடுத்த வங்கியோ இன்னொன்றோடு இணைந்து பெயரே மாறிவிட்டது. கிளை மேலாளர் நல்லவர். மாமாவின் பழைய பாஸ் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையெழுத்திட ஆள் அனுப்பினார்.

ஜனவரி 24-இல் கொடுத்து முடித்தோம். 18 நாள் ஆயிற்று.

மூன்றாம் பட்டியல்: அத்தையின் மடி

பிப்ரவரி 10-ஆம் தேதி 6 தாள்கள். இருபத்து நான்காவது, அசல் கிரயப் பத்திரம், ‘சட்டப் பரிசீலனைக்காக ஒப்படைக்க’. இருபத்தைந்தாவது, இருவரின் புகைப்படம், நான்காவது முறையாக. இருபத்தாறாவதைச் சொல்லிவிட்டேன்.

மாமா அசலைக் கொடுக்கத் தயாராக இருந்தார். பெரிய நிறுவனம், ஓடியா போய்விடப்போகிறார்கள் என்றார். அத்தை மறுத்துவிட்டார். பத்திரங்கள் இருப்பது அவர் கல்யாணத்துக்குச் சீராக வந்த டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு. “பார்க்க வேண்டும் என்றால் வந்து பார்க்கட்டும். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டா போகிறார்கள்?” என்றார். என்னைப் பார்த்து, “நீ வங்கியில் இருந்தவன், சொல். நான் சொல்வது தப்பா?” என்று கேட்டார். தப்பே இல்லை. விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் அசலைக் கொடுப்பது, தாலி ஏறும் முன் சீர்வரிசையை அனுப்புவது போல. அசலைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும், கைவசம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

வழக்கறிஞரின் உதவியாளர் ஒரு வாரம் கழித்து வீட்டுக்கே வந்தார். அத்தை பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அவர் குனிந்து முத்திரைத்தாள் எண்ணைக் குறித்துக்கொண்டார். ஏழாம் பக்கத்தில் பிரிக்கப்படாத நிலப் பங்கின் அளவு இருந்தது, அதைப் படம் எடுக்க அனுமதி கேட்டார். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, “வங்கிக்காரர்கள்தான் அம்மா இப்படிக் கேட்கிறார்கள்” என்று சொன்னார்.

எந்த வங்கி? மாமா புதிய வீட்டுக்குக் கடன் வாங்கவில்லை. மீதித் தொகை அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பு. காசோலை விஷயத்தில் எனக்கிருந்த சந்தேகம் அப்போது உறுதியாயிற்று. பில்டர் வீட்டை வாங்கப்போவதில்லை. வாங்குவதற்கு வெளியே ஓர் ஆளைப் பிடித்திருக்கிறார். அந்த ஆளின் வங்கி கேட்கும் தாள்களை, தம் முகவரித்தாளில் எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

ஏன் இந்த ஒளிவுமறைவு

அத்தையின் மகன் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் இருக்கிறான். அவனும் பழைய வீட்டைக் கொடுத்துப் புதியது வாங்கியவன்தான். அங்கே பில்டரே பழைய வீட்டை வாங்கிக்கொண்டார். அவனிடம் கேட்ட தாள்களும் வேறு மாதிரி. 2002-க்குப் பின் ஜன்னல் மாற்றியிருந்தால் அதற்கான சான்று, பாய்லர் ஆவணம், வீட்டின் எரிசக்திச் சான்று, திரைச்சீலைக் கம்பிகளை விட்டுவிட்டுப் போவாயா எடுத்துப்போவாயா என்று கேட்கும் படிவம். உரிமை மத்தியப் பதிவேட்டில் இருப்பதால் தாத்தாவின் பெயரை யாரும் துருவவில்லை. கேள்வியெல்லாம் வீட்டைப் பற்றித்தான், ஆளைப் பற்றி மிகக் குறைவு.

எங்களுக்குப் பயன்பட்ட வேறுபாடு வரியில் இருக்கிறது. வீடு கட்டும் நிறுவனம் இப்படி ஈடாக வாங்கும் பழைய வீட்டுக்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அங்கே முத்திரைத் தீர்வையில் விலக்கு உண்டு. அதனால் அங்குள்ள பில்டர் வாங்கி, நிதானமாக விற்கலாம். கர்நாடகத்தில் அந்தச் சலுகை இல்லை. முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன் மேல் கூடுதல் வரிகள் சேர்ந்து 5.6, அன்றைய பதிவுக் கட்டணம் 1. மொத்தம் 6.6 சதவீதம். 61 லட்சத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல். பில்டர் தம் பெயரில் வாங்கி மறுபடி விற்றால் அந்தத் தொகை அவர் கையிலிருந்து போகும். நேரே மூன்றாம் ஆளுக்குப் பதிவு செய்துவிட்டால் மிச்சம். இது குற்றம் இல்லை, கணக்கு. என் வருத்தமெல்லாம், எங்களிடம் சொல்லாமல் எங்கள் 90 நாளில் அவர்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதில்தான்.

நான்காம் பட்டியல்

மூன்றாம் பட்டியலில் அசல் நீங்கலாக மற்றதைப் பிப்ரவரி 19-இல் முடித்தோம். பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை மாலை, கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடைசி இரண்டு தாள்களைக் கேட்டார்கள். குடியிருப்போர் சங்கத்தின் பாக்கியின்மைக் கடிதம் ஒன்று. அதைச் செயலாளர் அரை மணியில் எழுதிக் கொடுத்தார். மற்றொன்று பழைய கட்டடத்தின் ஓ.சி. என்னும் குடியேற்ற அனுமதிச் சான்று. தமிழில் ஓசி என்றால் காசில்லாமல் கிடைப்பது. பெங்களூருவின் பழைய கட்டடங்களுக்கோ காசு கொடுத்தாலும் கிடைக்காதது. எங்கள் கட்டடத்துக்கும் இல்லை. கட்டியவர் வரைபடத்தை மீறி ஓர் அறையை மொட்டை மாடியில் ஏற்றிவிட்டார்.

இதை மாமா மறைக்கவில்லை. அளக்க வந்தவரிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறார். அவர்கள் தரப்பு விளக்கம், 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. கட்டட நிறைவு அல்லது குடியேற்றச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்று அதில் கூறப்பட்டது உண்மைதான். அதன்பின் வங்கிகள் கெடுபிடி காட்டின. ஆனால் தீர்ப்பு டிசம்பரில் வந்தது, கேட்டது பிப்ரவரி கடைசியில்.

சான்று இல்லை என்று எழுத்தில் கொடுத்து, சங்கத்தின் கடிதத்தையும் சேர்த்து மார்ச் 4-இல் அனுப்பினோம். மார்ச் 8 அன்று பதில் வந்தது: ‘ஆவணத் தாமதத்தால் மதிப்பீடு காலாவதியானது. திருத்திய மதிப்பு 56.5 லட்சம்.’ மாமா அன்று இரவு சாப்பிடவில்லை.

ஒரு பக்கக் கணக்கு

என் பழைய வேலைப் புத்தி அப்போதுதான் உதவியது. நானும் ஒரு காலத்தில் இப்படித் தவணை முறையில் தாள் கேட்டவன்தான். கோப்பு மேசை மாறும்போதெல்லாம் புதிதாக ஒரு பட்டியல் பிறக்கும், கேட்பவருக்கு அதில் நட்டமில்லை, அதனால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த முறை எண்ணிப் பார்த்தேன். 31 தாளையும் வரிசையாக எழுதி, கேட்ட தேதி, கொடுத்த தேதி, அது உண்மையில் யாருக்குத் தேவை என்று மூன்று பத்தி போட்டேன்.

டிசம்பர் 2-லிருந்து மார்ச் 8 வரை 96 நாள். தாள் எங்கள் பொறுப்பில் இருந்தது 14, 18, 9, 4 என்று 45 நாள். கொடுத்துவிட்டு அவர்கள் வாய் திறக்கக் காத்திருந்தது 21, 17, 9, 4 என்று 51 நாள். மூன்றாம் பத்தி இன்னும் சுவையானது. முதல் இரண்டு பட்டியலில் எல்லாமே பில்டருக்கும் பதிவாளருக்கும் தேவையானவை. பின்னால் வந்த எட்டில் ஐந்து, கடன் கொடுக்கும் வங்கிக்கு மட்டுமே தேவையானவை.

விற்பனைத் தலைவரும் அவர்களுடைய வழக்கறிஞரும் இருந்த அறையில் அந்த ஒரு பக்கத்தை வைத்தோம். நான் நீளமாகப் பேசவில்லை. “எங்கள் வீட்டை வாங்குபவர் யார்?” என்று மட்டும் கேட்டேன். விற்பனைத் தலைவர் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “நியமனதாரர் ஒருவர் இருக்கிறார்” என்றார். அத்தை என் காதருகே, “பார்த்தாயா, மாப்பிள்ளை வேறு ஆள்” என்றார்.

அன்றைக்குப் பிறகு பேரம் பேச எளிதாக இருந்தது. நாங்கள் தாள் கேட்கத் தொடங்கினோம். நியமனதாரரின் பெயரும் கடன் ஒப்புதல் கடிதமும் வேண்டும். நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடுபவருக்கு அந்த அதிகாரம் தரும் இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும். எல்லாவற்றையும்விட, புதிய வீட்டின் ஒப்பந்தத்தில் பழைய வீட்டைப் பற்றி ஒரு வரியாவது வேண்டும். அவர்கள் தந்த வரைவில் அப்படி ஒரு வீடு இருப்பதாகவே தெரியவில்லை! விளம்பரக் கடிதத்தில் இருந்த சலுகை, சட்டப்படி செல்லும் ஒப்பந்தத்தில் காணாமல் போயிருந்தது. மாமா அதுவரை கொடுத்திருந்தது 5 லட்சம் மட்டுமே. ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 13-ஆம் பிரிவு. அதனால் எழுந்து போய்விடும் தைரியம் எங்களுக்கு இருந்தது.

முடிவில் மதிப்பு 60 லட்சம் என்று நின்றது. முத்தரப்பு ஒப்பந்தம் எழுதினோம். ஜூன் 30-க்குள் நியமனதாரர் பணம் கட்டவில்லை என்றால் அதே விலைக்கு நிறுவனமே வாங்கிக்கொள்ள வேண்டும், புதிய வீடு கைக்கு வரும் வரை அத்தையும் மாமாவும் பழைய வீட்டிலேயே இருக்கலாம், வாடகை நிறுவனத்தின் பொறுப்பு. ஓ.சி. இல்லாததால் வாங்குபவரின் வங்கி கடன் தொகையைக் குறைத்தது. மீதியை அவர் வேறெங்கோ புரட்டினார். ஜூன் 18 அன்று பதிவு முடிந்தது. அசல் பத்திரத்தை அத்தை அன்றுதான், சார்பதிவாளர் அலுவலகத்தில், பணம் வந்த குறுஞ்செய்தியை மாமா காட்டிய பிறகு, கையை விட்டுக் கொடுத்தார்.

பணக் கணக்கில் இடறிய இடங்கள்

மாமா தன் நோட்டில் ‘118 கழித்தல் 60, மீதி 58’ என்று எழுதி வைத்திருந்தார். வரிகளை 58-க்குப் போட்டுப் பார்த்திருந்தார். எதிலும் அந்த வசதி இல்லை. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதம், முழு 1 கோடியே 18 லட்சத்துக்கும்: 5 லட்சத்து 90 ஆயிரம். முத்திரைத் தீர்வையும் முழு விலைக்கே. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் போகும் வீட்டுக்கு வாங்குபவர் பிடித்துக் கட்ட வேண்டிய 1 சதவீத வருமான வரியும் முழு விலைக்கே. பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு, புதிய வீட்டில் போட்டதால் 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 54-ஆம் பிரிவில் விலக்கு கிடைக்கிறது. 2001-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் 2001 ஏப்ரல் 1-இன் சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். அதற்கு ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் எடுத்து வைத்தோம். இதை யாரும் கேட்கவில்லை, நாங்களே எடுத்தோம்.

புதிய கட்டடத்தின் ஓ.சி. வரத் தாமதமாகி, அக்டோபரில்தான் பதிவு நடந்தது. அதற்குள் 2025 ஆகஸ்ட் 31 முதல் கர்நாடக அரசு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 2 ஆக்கிவிட்டது. 1 லட்சத்து 18 ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போயிற்று. எங்கள் கணக்குத்தாளில் அதற்குப் பத்தி இல்லை.

இப்போது பாக்கி ஒரே தாள்தான். பழைய வீட்டை வாங்கியவர் பிடித்துக் கட்டிய 60,000 ரூபாய் வரிக்கான சான்று, படிவம் 16பி. தொகை வரித்துறைக் கணக்கில் தெரிகிறது, சான்று மட்டும் வரவில்லை. மாமா திங்கட்கிழமைதோறும் அவரைத் தொலைபேசியில் அழைக்கிறார். போன வாரம் அவர் மரியாதையாகச் சொன்ன பதில்: “கட்டாயம் அனுப்புகிறேன் சார். உங்கள் பான் நகல் ஒன்று அனுப்ப முடியுமா?”